68 டாலரில் தொடங்கிய கார் கம்பெனியும் ஒரு பென்ஷன் பாடமும்



போன வாரம் நான் போட்டிருந்த பழைய கார் படத்துக்கு நிறையக் கேள்விகள் வந்துவிட்டன. தனித்தனியாகப் பதில் எழுத விரல் ஒத்துழைக்கவில்லை. அதனால் ஒரே பதிவாக எழுதுகிறேன். அமெரிக்காவில் மகள் வீட்டில் இருந்தபோது, இண்டியானா மாநிலத்தில் சவுத் பெண்ட் என்ற ஊருக்கு அழைத்துப் போனார்கள். அங்கே உள்ள ஸ்டூடிபேக்கர் தேசிய அருங்காட்சியகத்தில் எடுத்த படம் அது.

ஒரு மாணவன், "சார், இது காரா, விமானமா? நடுவில் மூக்கு மாதிரி இருக்கிறதே" என்று கேட்டிருந்தான். கார்தான். 1950, 1951 மாடல்களுக்கு அந்த மூக்குதான் அடையாளம். இன்னொருவன் கார் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். "இந்தப் பெயரைக் கேள்விப்பட்டதே இல்லையே சார், ஏன் மூடினார்கள்?" என்று கேட்டிருந்தான். அதற்குப் பதில் கொஞ்சம் நீளம். மணி அடித்த பிறகும் நான் பாடத்தை விடமாட்டேன் என்பது உங்களுக்குத் தெரியும். பொறுமையாகப் படியுங்கள். கடைசியில் உங்கள் எல்லோருக்கும் ஒரு வீட்டுப்பாடம் இருக்கிறது.

1852 பிப்ரவரியில் ஹென்றி, கிளெமென்ட் என்ற இரண்டு ஸ்டூடிபேக்கர் சகோதரர்கள் சவுத் பெண்டில் ஒரு கொல்லுப்பட்டறை போட்டார்கள். கையில் இருந்த முதல் 68 டாலர். குதிரைக்கு லாடம் அடிப்பது, வண்டி பழுது பார்ப்பது, கேட்டால் புது வண்டி செய்து கொடுப்பது. இதுதான் தொழில்.

அடுத்த தம்பி ஜான் மோலர் ஸ்டூடிபேக்கருக்குத் தங்க ஆசை. அப்போது கலிஃபோர்னியாவில் தங்கம் கிடைக்கிறது என்று ஊரே ஓடிக்கொண்டிருந்தது. தம்பி ஒரு வண்டியைச் செய்து, அதையே வழிச்செலவுக்குக் கூலியாகக் கொடுத்துவிட்டு, 1853-இல் பிளாசர்வில் என்ற சுரங்க ஊருக்குப் போய்ச் சேர்ந்தார். போன இடத்தில் தங்கம் தோண்டவில்லை. தோண்டுகிறவர்களுக்கு மண் அள்ளும் ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டி செய்து விற்றார். 'தள்ளுவண்டி ஜானி' என்றே பெயர் வந்துவிட்டது. தோண்டியவர்களில் பலர் வெறுங்கையோடு திரும்பினார்கள். தள்ளுவண்டி விற்றவர் 1858-இல் 8,000 டாலரோடு ஊர் திரும்பினார்.

மூத்தவர் ஹென்றி போரை ஏற்காத கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர். ராணுவத்துக்கு வண்டி செய்வது அவர் மனசாட்சிக்கு ஒப்பவில்லை. அவர் பங்கைத் தம்பி வாங்கிக்கொண்டார். பிறகு உள்நாட்டுப் போர் வந்தது. வடக்கு மாநிலங்களின் படைக்கு வண்டிகள் தேவைப்பட்டன. பட்டறை தொழிற்சாலை ஆனது. அந்தக் குடும்பத்தில் ஒரு வாசகம் உண்டு: வாக்குக் கொடுத்ததைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கொடு. வண்டி வாங்க வருகிறவர்களை மனத்தில் வைத்துச் சொன்னது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

குதிரை வண்டி செய்தவர்களில் பலர் மோட்டார் வந்ததும் காணாமல் போனார்கள். ஸ்டூடிபேக்கர் போகவில்லை. 1902-இல் மின்சாரக் கார் செய்தார்கள். ஆமாம், 1902-இல்! இன்று மின்சார வண்டி புதிது என்று நினைக்கிற பேரப்பிள்ளைகளிடம் சொல்லுங்கள். அந்தக் கார்களில் ஒன்றை வாங்கியவர் தாமஸ் ஆல்வா எடிசன். 1904-இல் பெட்ரோல் கார். குதிரை வண்டியிலிருந்து தொடங்கிக் கார் யுகத்தில் பெரிய கம்பெனியாக நிலைத்து நின்றவர்களில் இவர்கள்தான் முதன்மையானவர்கள்.

முதல் பெரிய சறுக்கல் 1930-களில் வந்தது. தலைவராக இருந்த ஆல்பர்ட் எர்ஸ்கின், பொருளாதார மந்தம் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்று நம்பிப் பங்குதாரர்களுக்குத் தாராளமாக டிவிடெண்ட் கொடுத்துக்கொண்டே இருந்தார். கஜானா காலியானது. 1933 மார்ச்சில் கம்பெனி நீதிமன்றப் பொறுப்புக்குப் போனது. அதே ஆண்டு ஜூலை 1 அன்று எர்ஸ்கின் தற்கொலை செய்துகொண்டார். பால் ஹாஃப்மன், ஹரால்ட் வான்ஸ் என்ற இருவர் கம்பெனியை அந்தக் குழியிலிருந்து மேலே ஏற்றினார்கள். 1939-இல் சாம்பியன் என்ற சிறிய கார் வந்தது. எடை குறைவு, பெட்ரோல் செலவு குறைவு. பிரபல வடிவமைப்பாளர் ரேமண்ட் லோவியின் நிறுவனம் வடிவமைத்தது. அந்தக் காரால் கம்பெனி உயிர் பிழைத்தது என்றே சொல்லலாம்.

இரண்டாம் உலகப் போரில் இவர்கள் செய்த ராணுவ லாரிகள் ஏறத்தாழ 2 லட்சம். அவற்றில் பெரும்பகுதி சோவியத் நாட்டுக்குப் போனது. வகுப்பில் 'கத்யூஷா' ராக்கெட் பற்றிச் சொல்லியிருக்கிறேன், நினைவிருக்கிறதா? அந்த ராக்கெட் வரிசையைப் பல சமயம் சுமந்து போனது சவுத் பெண்டில் செய்த லாரிதான். ரஷ்யச் சிப்பாய்கள் 'ஸ்டூடர்' என்று செல்லமாகக் கூப்பிட்டார்கள். பி-17 குண்டுவீச்சு விமானங்களுக்கான எஞ்சின்களும் இங்கே தயாராயின.

போர் முடிந்ததும், பெரிய கம்பெனிகள் பழைய மாடலுக்கே சாயம் பூசி விற்றுக்கொண்டிருந்தபோது, ஸ்டூடிபேக்கர் முற்றிலும் புதிய காரை 1946-லேயே கொண்டுவந்தது. அதில் ஒரு வகைக்குப் பின்பக்கக் கண்ணாடி அரை வட்டமாகச் சுற்றி வரும். கார் வருகிறதா போகிறதா என்று தெரியவில்லை என அமெரிக்காவில் எல்லோரும் கேலி செய்தார்கள். கேலி செய்துகொண்டே வாங்கினார்கள். 1950 மாடல் மட்டும் 3 லட்சத்துக்கு மேல் உற்பத்தி ஆனது. அதுதான் உச்சம்.

நம் ஊர்ப் பெரியவர்கள் சிலருக்கு இந்தப் பெயர் நினைவிருக்கலாம். சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில், அம்பாசிடர் வருவதற்கு முன்பு, ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனி ஸ்டூடிபேக்கர் வண்டிகளைப் பாகங்களாக வரவழைத்து இங்கே பூட்டி விற்றது.

சரி, வைத்திருந்தவர்கள் இந்தக் காரைப் பற்றி என்ன சொல்கிறார்கள்? மூடிப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன, இன்னும் அமெரிக்காவில் ஸ்டூடிபேக்கர் ஓட்டுகிறவர்கள் சங்கம் வைத்து நடத்துகிறார்கள். அவர்கள் முதலில் பாராட்டுவது 'ஹில் ஹோல்டர்' என்ற வசதியை. மேட்டில் வண்டியை நிறுத்தி எடுக்கும்போது பின்னால் உருளும் அல்லவா? கொடைக்கானல் மலைப்பாதையில் ஓட்டியவர்களுக்கு அந்த வயிற்றுக் கலக்கம் தெரியும். இந்தக் காரில் கிளட்சை மிதித்தபடி இருந்தால் பிரேக்கும் பிடித்தபடியே இருக்கும். கிளட்சை விட்டால்தான் பிரேக்கும் விடும். 1936-லேயே இதைக் கொடுத்துவிட்டார்கள். இன்று புதுக் காரில் கம்ப்யூட்டர் செய்கிற வேலை. இரண்டாவது பாராட்டு சாம்பியனின் மைலேஜுக்கு. மூன்றாவது, 1951-இல் வந்த வி-8 எஞ்சினுக்கு. எடை கூடுதல், ஆனால் உழைப்பாளி.

குறைகளையும் மறைக்கமாட்டார்கள். 1953-இல் வந்த ஸ்டார்லைனர் கூபே, அமெரிக்கக் கார்களிலேயே அழகானவற்றில் ஒன்று என்று இன்றும் சொல்வார்கள். லோவி நிறுவனத்தில் இருந்த ராபர்ட் பர்க் வரைந்தது. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் அதே ஆண்டு அதைக் காட்சிக்கு வைத்தது. ஆனால் முன் மட்கார்டுக்கு உள்ளே சேறு போய் அடைந்து, உள்ளிருந்தே துரு தின்றுவிடும். தொழிற்சாலையிலும் பாகங்கள் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தாமல் உற்பத்தி தாமதமானது. மக்கள் குடும்பக் காரைத்தான் கேட்பார்கள் என்று கணக்குப் போட்டு அதற்கே தயாரானார்கள். மக்களோ அழகான கூபேயைக் கேட்டார்கள். கேட்டதைக் கொடுக்க முடியவில்லை, கொடுத்ததை வாங்க ஆளில்லை.

இன்னொன்று எனக்குப் பிடித்தது. 1963-இல் வேகனேர் என்று ஒரு ஸ்டேஷன் வேகன். பின்பக்கக் கூரையை முன்னே தள்ளித் திறக்கலாம். ஃபிரிட்ஜை நிற்க வைத்தே ஏற்றிப் போகலாம். நல்ல யோசனைதான். ஆனால் மழை பெய்தால் கூரை ஒழுகும்! பிறகு, கூரை திறக்காத வேகனேரும் கிடைக்கும் என்று சொல்ல வேண்டியதாயிற்று.

இப்போது 'ஏன் மூடினார்கள்' என்ற கேள்விக்கு வருகிறேன். ஒரே காரணம் சொல்லிவிட முடியாது. ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் கோடிக்கணக்கான டாலரை பல லட்சம் கார்களுக்குப் பங்கு போட்டுச் செலவு செய்தார்கள். இவர்கள் அதே செலவை ஒரு சிறு எண்ணிக்கைக்குள் அடக்க வேண்டியிருந்தது. தொழிற்சாலைக் கட்டடங்கள் பழையவை, மாடி மாடியாக இருந்தவை. லாபம் வந்த நல்ல நாளில் அவற்றைப் புதுப்பிக்காமல் டிவிடெண்ட் கொடுத்தார்கள். 1953-54இல் ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் விலைப் போர் நடத்தியபோது, இரண்டு யானைகள் சண்டையில் மிதிபட்ட புல் போல ஆனார்கள். 1954-இல் தொழிலாளர்களே வாக்கெடுப்பு நடத்தித் தங்கள் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டார்கள். அதே ஆண்டு பேக்கார்டு என்ற பழம்பெரும் சொகுசுக் கார் கம்பெனியோடு இணைந்தார்கள். நீந்தத் தெரியாத இருவர் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டது போல அது முடிந்தது. 1958-இல் பேக்கார்டு என்ற பெயர் மறைந்தது.

இடையில் இரண்டு முறை நம்பிக்கை துளிர்த்தது. 1959-இல் லார்க் என்ற அடக்கமான கார் நன்றாக விற்றது. 1962-இல் ஷெர்வுட் எக்பர்ட் என்ற தலைவர் காலத்தில் அவாந்தி வந்தது. லோவி ஒரு சிறு குழுவோடு பாலைவன ஊரான பாம் ஸ்பிரிங்ஸில் வீடு எடுத்து உட்கார்ந்து, சில வாரங்களில் வடிவமைத்த கார். ஃபைபர்கிளாஸ் உடல், முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக். ஆனால் ஃபைபர்கிளாஸ் பாகங்கள் சரியாக வந்து சேராமல் உற்பத்தி தடுமாறியது. மொத்தம் 5,000-க்கும் குறைவாகவே செய்தார்கள். எக்பர்ட்டும் புற்றுநோயால் பதவியை விட்டார்.

1963 டிசம்பர் 9. கென்னடி சுடப்பட்டு மூன்று வாரம்கூட ஆகவில்லை. சவுத் பெண்ட் தொழிற்சாலையை மூடப்போகிறோம் என்று அறிவிப்பு வந்தது. டிசம்பர் 20 அன்று அங்கே கடைசிக் கார் வெளியே வந்தது. கிறிஸ்துமஸுக்கு ஐந்து நாள் முன்பு. ஏறத்தாழ 7,000 பேருக்கு வேலை போனது. கனடாவின் ஹாமில்டன் தொழிற்சாலை மட்டும் 1966 மார்ச் வரை ஓடி நின்றது. அத்தோடு ஸ்டூடிபேக்கர் கார் முடிந்தது. கம்பெனி முடிந்ததா என்றால், இல்லை. அது அதற்குள் வேறு தொழில்களை வாங்கி வைத்திருந்தது. கார் தயாரிப்பை உதறிவிட்டுப் பங்குதாரர்கள் பிழைத்துக்கொண்டார்கள்.

தொழிலாளர்கள்?

பதிவு எழுதத் தொடங்கியதே இந்த இடத்துக்காகத்தான்.

1950-இல் தொழிற்சங்கத்தோடு கம்பெனி ஒரு பென்ஷன் ஒப்பந்தம் போட்டிருந்தது. அதற்கு முன் பார்த்த வேலைக்கும் சேர்த்துப் பென்ஷன் உண்டு என்றார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. கணக்காகப் பாருங்கள். 55 வயது ஆள், 30 வருடம் வேலை பார்த்தவர். அவருக்கு அந்த 30 வருடத்துக்கும் பென்ஷன் என்று முதல் நாளே வாக்குக் கொடுத்தாயிற்று. ஆனால் அந்த 30 வருடத்துக்கென ஒரு டாலர்கூட ஒதுக்கி வைக்கப்படவில்லை. இனிமேல் 30 ஆண்டுத் தவணையில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு நிரப்பலாம் என்பது திட்டம். நடுநடுவே பென்ஷன் தொகையையும் ஏற்றினார்கள். ஒவ்வொரு முறை ஏற்றும்போதும் பள்ளம் இன்னும் ஆழமானது. கம்பெனி தவணை கட்டாமல் ஏமாற்றியதா? இல்லை. கட்ட வேண்டிய தவணையை ஒழுங்காகத்தான் கட்டியது. தவணை முடியும் முன்பே தொழிற்சாலை மூடிவிட்டது. நிதியில் இருப்பதற்கு மேல் கம்பெனிக்குப் பொறுப்பில்லை என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தது.

இருந்த பணத்தை எப்படிப் பிரித்தார்கள் தெரியுமா? ஏற்கெனவே ஓய்வு பெற்றவர்களுக்கும், 60 வயது ஆகிப் பத்து வருட வேலையும் முடித்தவர்களுக்கும் முழுப் பென்ஷன். சுமார் 3,600 பேர். நிதியின் பெரும்பகுதி இதிலேயே தீர்ந்துவிட்டது. அடுத்து, 40 வயதிலிருந்து 59 வயதுவரை இருந்து பத்து வருடமாவது வேலை பார்த்தவர்கள், சுமார் 4,000 பேர். அவர்களுக்குச் சேரவேண்டியதில் 15 சதவீதம், ஒரே தடவை. சராசரியாக 600 டாலர். இவர்களின் சராசரி வயது 52, சராசரி வேலைக்காலம் 23 ஆண்டு. மீதி சுமார் 2,900 பேருக்கு ஒன்றும் இல்லை.

60 வயதுக்காரருக்கு முழுப் பணம், அவர் பக்கத்தில் நின்று அதே வேலையைச் செய்த 59 வயதுக்காரருக்கு நூற்றுக்குப் பதினைந்து. 52 வயதில் வேலை தேடிப் போனால் யார் கொடுப்பார்கள்?  வாக்கைவிடக் கூடுதலாகக் கொடு என்று வாடிக்கையாளருக்காக வாசகம் வைத்திருந்த கம்பெனியில், அதன் சொந்தத் தொழிலாளிக்கு நடந்தது இது. யாரோ ஒரு வில்லன் பணத்தைத் தூக்கிக்கொண்டு ஓடியிருந்தால்கூட மனம் ஆறும். இங்கே எல்லோரும் ஒப்பந்தப்படியே நடந்துகொண்டார்கள். அதுதான் என்னை உறுத்துகிறது.

அடுத்த ஆண்டே இண்டியானாவின் செனட்டர் வான்ஸ் ஹார்ட்கி, வங்கி டெபாசிட்டுக்குக் காப்பீடு இருப்பதுபோலப் பென்ஷனுக்கும் வேண்டும் என்று மசோதா கொண்டுவந்தார். உடனே நடக்கவில்லை. செனட்டர் ஜேகப் ஜாவிட்ஸ் பல ஆண்டுகள் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். 1972-இல் பென்ஷன் இழந்தவர்களைப் பற்றித் தொலைக்காட்சியில் ஒரு ஆவணப்படம் வந்து நாட்டை உலுக்கியது. கடைசியில் 1974 செப்டம்பர் 2, அவர்களின் தொழிலாளர் தினத்தன்று, அதிபர் ஜெரால்ட் ஃபோர்டு ஒரு சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். சுருக்கமாக எரிசா என்பார்கள். தனியார் கம்பெனி பென்ஷன் வாக்குக் கொடுத்தால் அதற்கான பணத்தை முறைப்படி ஒதுக்க வேண்டும். குறிப்பிட்ட காலம் வேலை பார்த்தவரின் உரிமையைப் பறிக்க முடியாது. கம்பெனி நொடித்தால், ஒரு வரம்புக்குள் பென்ஷன் கொடுக்க அரசின் காப்பீட்டுக் கழகம் உண்டு. அதற்கான பிரீமியத்தைக் கம்பெனிகளே கட்ட வேண்டும். இன்று அமெரிக்காவில் கோடிக்கணக்கானவர்களுக்கு இது குடை. அந்தக் குடையைக் கேட்டு வாங்கக் காரணமாக இருந்த சவுத் பெண்ட் தொழிலாளிக்கு மட்டும் அது உதவவில்லை. சட்டம் பின்னோக்கிப் பாயவில்லை.

அருங்காட்சியகத்தில் எல்லோரும் கூடி நிற்பது ஆபிரகாம் லிங்கனின் சாரட்டு வண்டிக்கு முன்னால். அவர் கடைசியாக நாடக அரங்குக்குப் போன வண்டி. ஸ்டூடிபேக்கர் செய்ததல்ல, பின்னாளில் அவர்கள் வாங்கிப் பாதுகாத்தது. நானும் அதன் முன் நின்றேன். ஆனால் அதிக நேரம் நின்றது சவுத் பெண்டில் செய்த கார்கள் முன்னால்தான். கதவைச் சாத்தினால் பொருந்துகிற விதம், மூக்கின் பளபளப்பு எல்லாம் ஒரு மனிதன் கைபட்டது. அந்த மனிதன் 59 வயதுக்காரனா, 60 வயதுக்காரனா என்று நினைத்துக்கொண்டு நின்றேன். மகள், "அப்பா, நேரமாச்சு" என்று கூப்பிட்டாள்.

நான் மாதம் பிறந்தால் வங்கியில் பென்ஷன் வந்திருக்கிறதா என்று பார்க்கிறவன். வராமல் இருந்ததில்லை. என்னோடு பணியாற்றிய இளைய ஆசிரியர்கள், 2003 ஏப்ரல் 1-க்குப் பிறகு சேர்ந்தவர்கள், வேறு திட்டத்தில் சேர்க்கப்பட்டார்கள். அவர்கள் சம்பளத்தில் மாதாமாதம் பிடித்தார்கள். ஒரே பள்ளி, ஒரே கரும்பலகை, சேர்ந்த தேதிதான் வேறு. இதில் யார் பக்கம் நியாயம் என்று வாதிட இந்தப் பதிவில் நான் வரவில்லை. தேதியும் வயதும் ஒரு கோடு போட்டு மனிதர்களைப் பிரிக்கும்போது கோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்பவரின் முகம் எப்படி இருக்கும் என்று ஆசிரியர் அறையில் பார்த்திருக்கிறேன். அதனால் சவுத் பெண்ட் எனக்குத் தூரத்து ஊராகத் தெரியவில்லை.

வீட்டுப்பாடம் இதுதான். தனியார் வேலையில் இருக்கும் என் பிள்ளைகள் எல்லோரும், குறிப்பாக ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், ஓசூர் பக்கம் இருப்பவர்கள், இன்றே உங்கள் பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்து பாருங்கள். சம்பளச் சீட்டில் பிடித்ததாகக் காட்டும் தொகை அங்கே வந்து சேர்ந்திருக்கிறதா? நாமினி பெயர் சரியாக இருக்கிறதா? பழைய கம்பெனியின் கணக்கு மாற்றப்பட்டதா? கம்பெனி பெரியது, நூறு வருடப் பெருமை உள்ளது என்று சும்மா இருக்காதீர்கள். ஸ்டூடிபேக்கர் நூற்றுப் பதினொரு ஆண்டுப் பெருமையோடுதான் அந்த டிசம்பரில் கதவைச் சாத்தியது.

ஒன்று சொல்லி முடிக்கிறேன். சவுத் பெண்டுக்கு வெளியே அவர்கள் கார்களை ஓட்டிச் சோதித்த மைதானம் இருந்தது. அங்கே 1930-களில் ஆயிரக்கணக்கான பைன் கன்றுகளை, கம்பெனியின் பெயர் எழுத்து எழுத்தாக வரும்படி நட்டார்கள். இன்று அது ஒரு பூங்கா. மரங்கள் வளர்ந்து நிற்கின்றன. கீழே நடந்தால் வெறும் காடு. விமானத்திலிருந்து பார்த்தால் ஸ்டூடிபேக்கர் என்ற பெயர் தெரியும்.

பாஸ்புக் பார்த்தவர்கள் கமெண்டில் 'பார்த்துவிட்டேன் சார்' என்று எழுதுங்கள். வருகைப் பதிவு எடுப்பேன்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்